சிதம்பரம் போய்த் திரும்பட்டும்!

ஆடி பிறந்துவிட்டால் நம் கடலோரப் பங்குகளில் வேளாங்கண்ணிப் பேச்சும் பிறந்துவிடுகிறது. ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் தேவமாதாவின் பிறந்த நாள் பெருவிழா. இடையில் உள்ள நாட்களில் கடலூர் வழியாகச் செல்லும் சாலை காவி நிறம் பூண்டுவிடும். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வருவோர் ஒரு சாரார். சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு விரையும் இளைஞர் இன்னொரு சாரார். இவர்களைக் கண்டு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை எழுவது இயல்பே.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் நம்மை நிறுத்தினார். "என் பையன் இந்த வருசம் சைக்கிள்ல வேளாங்கண்ணிக்குப் போறேன்னு நேர்ந்துக்கிட்டானாம். அனுப்பலாமாங்க ஐயா?" என்று வினவினார். மகனுக்கு வயது இருபது. தாய் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது செய்துகொண்ட நேர்ச்சை அது. அவன் இதுவரை சைக்கிளில் சென்ற நெடுந்தூரம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரைதான். "எனக்காக நேர்ந்துக்கிட்டுப் போயி, அவனுக்கு வழியில ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" என்றபோது அவர் கண்கள் கலங்கின. அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "மாதா பாத்துக்குவாங்கம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாதா காப்பாள் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. எனினும் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு ஆண்டவர் என்ன மறுமொழி அளித்தார் என்பதையும் நாம் அறிவோம். ஆயத்தமின்றிச் சாலையில் இறங்கிவிட்டுக் காப்பாற்றும் பொறுப்பை விண்ணகத்தின் மேல் சுமத்துவது விசுவாசம் ஆகாது. அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "பையன் முதலில் ஒரே நாளில் சிதம்பரம் போய்த் திரும்பட்டும். திரும்பி வந்து, மறுநாள் காலையிலும் சைக்கிளில் ஏற முடிந்தால் அனுப்புங்கள். இல்லையேல் இந்த ஆண்டு பேருந்தில் போகட்டும்."

ஏன் சிதம்பரம்? கணக்குப் பார்ப்போம். கடலூரிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சிதம்பரம் 45, போக வர 90. முழு வழியில் இது மூன்றில் இரண்டு பங்கு. முதுநகரைக் கடந்தால் தொழிற்சாலைகளும் லாரிகளும். பிறகு ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம் என நீளும் வெயில் வெளி. அதன்பின் வெள்ளாற்றுப் பாலம். நெடுவழியில் காணப்போகும் அத்தனை சோதனைகளும் இந்த ஒரு துண்டிலேயே அடங்கிக் கிடக்கின்றன. இதில் தேறியவனுக்குக் கொள்ளிடத்திற்கு அப்பால் புதிதாக அஞ்ச வேண்டியது மிகுதியாக இல்லை.

இது நம் சொந்தக் கண்டுபிடிப்பன்று. பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று பாரிசுக்கே திரும்பும் நெடுஞ்சைக்கிள் ஓட்டம் ஒன்று உண்டு. 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் நினைத்தவர் எல்லாம் அதில் இறங்கிவிட இயலாது. அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்ற படிகளில் ஏறிக் காட்டியவர்களுக்கே இடம். 200 கிலோமீட்டருக்கு அவர்கள் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம். நம் ஊர்ப் பால்காரரின் வேகந்தான்! முந்தி வந்தவருக்குப் பரிசு எதுவும் இல்லை. இத்தகைய நெடுஞ்சைக்கிள் பயணங்கள் இப்போது நம் நாட்டிலும் நடக்கின்றன. படிகளில் ஏறிக் காட்டாமல் நேரே அந்தப் பாரிசு ஓட்டத்தில் குதிக்க எவரையும் விடுவதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நாம் குதித்தோம். ஆகவே உரிமையோடு எழுதுகிறோம். இளமையில் நண்பர் நால்வருடன், ஒரு நாள் பயிற்சியும் இன்றி, இரவல் சைக்கிளில் புறப்பட்டோம். சிதம்பரம் வரை பாட்டும் சிரிப்புமாகச் சென்றோம். கொள்ளிடப் பாலத்தில் வலது முழங்காலில் ஊசி குத்துவது போல் ஒரு வலி. சீர்காழியில் இறங்கியபோது காலை மடக்க முடியவில்லை. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்த நம்மைக் கடந்து, முந்தின நாள் நாம் வழியனுப்பிய நடைப்பயணக் குழுவினர் செபமாலை சொல்லிக்கொண்டே சென்றனர். அவர்களில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், "என்ன தம்பி, சைக்கிள் நோவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேருந்துக் கூரையில் சைக்கிளை ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம்.

காரணம் பின்னர்தான் விளங்கியது. சீட்டு தாழ்ந்திருந்தது, அவ்வளவே! பெடல் கீழே வந்து நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். சீட்டு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்காலின் முன்புறம் நசுங்கும். மிகவும் உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். கடைத்தெருவுக்குப் போய் வரும்போது இது தெரியாது. ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், தெரியும்.

சைக்கிளை ஒரு மாதத்திற்கு முன்பே கடையில் விட்டு, அவர்கள் 'ஓவராயில்' என்று கூறும் முழுச் சீரமைப்பைச் செய்துவிட வேண்டும். முந்தின நாள் செய்தால், மாற்றிய உறுப்புகள் இளகுவது நடுச்சாலையில்தான் தெரியவரும். பிரேக் கட்டைகள், டயர், போக்ஸ் கம்பிகள், செயின் ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்து அறிந்துகொள்க. பஞ்சர் ஒட்டத் தம் கையாலேயே ஒருமுறை வீட்டில் பழகட்டும். பம்பும் மாற்று டியூபும் இல்லாமல் கிளம்புவது எண்ணெயில்லாத விளக்கோடு மணமகனை எதிர்கொள்ளப் போன கன்னியர் கதையாகும். காவி வேட்டியைப் பற்றியும் ஒரு சொல்: பக்திக்கு உகந்ததுதான், ஆனால் செயினில் சிக்கினால் ஆளைக் கவிழ்த்துவிடும். காவியிலேயே ஒட்டிய காற்சட்டை தைத்துக்கொள்ளலாமே! இருக்குமிடத்தில் தடித்த தையல் இல்லாத துணியாக இருத்தல் நலம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதை வெட்கம் என்று எண்ண வேண்டாம்.

உடலுக்குப் பயிற்சி ஆறு வாரமாவது தேவை. முதல் வாரம் இருபது கிலோமீட்டர், அடுத்து முப்பது, நாற்பது என்று வாரம் ஒரு நெடுநாள். நடுவே இரண்டு மூன்று சிறு நாட்கள். ஐந்தாம் வாரத்தில் சிதம்பரம். இறுதி வாரம் ஓய்வு. (ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் பயிற்சி எடுத்த ஓர் இளைஞரை நாம் அறிவோம். மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும். சனிக்கிழமை போகலாம்.) சிதம்பரம் போய்த் திரும்பிய மறுநாள் மறுபடி ஓர் இருபது கிலோமீட்டர் செல்ல வேண்டும் என்பது நம் கண்டிப்பு. முதல் நாள் எவரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் உட்காருவதுதான் உண்மையான சோதனை.

இதற்கு நம் திருச்சபையிலேயே ஒரு சான்று உண்டு. இத்தாலி நாட்டு ஜீனோ பார்த்தலி, 1938-லும் மீண்டும் பத்தாண்டு கழித்து 1948-லும் பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். 1943, 44-ஆம் ஆண்டுகளில் நாசிகள் யூதர்களை வேட்டையாடியபோது, புளோரன்சு நகரின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவரிடம் ஓர் உதவி கேட்டார். யூதக் குடும்பங்களுக்கான போலி அடையாளத் தாள்களைச் சைக்கிளின் குழாய்களுக்குள் சுருட்டி வைத்து, புளோரன்சிலிருந்து புனித பிரான்சிஸ்குவின் அசிசி நகருக்கும் மீண்டும் புளோரன்சுக்கும் அவர் ஓட்டினார். ஒரு வழியே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்; அதாவது நம் கடலூர்–வேளாங்கண்ணித் தொலைவைவிடக் கூடுதல். வழியில் வீரர்கள் நிறுத்தினால், "பந்தயத்துக்குப் பயிற்சி செய்கிறேன்" என்பார். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பயிற்சி செய்து வந்தவர் ஆதலால் நம்பினார்கள். அவருடைய உழைப்பே பிறருக்கு உயிர்க் கவசம் ஆயிற்று. இதை அவர் வாழ்நாளில் விளம்பரப்படுத்தவில்லை. 2000-இல் அவர் இறந்தபின், 2013-இல் யூத மக்களின் நினைவு நிறுவனமான யாத் வாசேம் அவரைப் பெருமைப்படுத்தியது. சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே ஒரு பாதுகாவலியும் உண்டு: இத்தாலியில் கீசல்லோ குன்றின்மேல் சிறு கோவில் கொண்டுள்ள மாதா. 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாறு அறிவித்தார். பார்த்தலி முதலிய வீரர்களின் சைக்கிள்கள் அக்கோவிலில் காணிக்கையாக வைக்கப்பட்டுள்ளன.

இனி வழியைப் பற்றிச் சொல்வோம். முதன்முறை செல்வோர் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நலம். முதல் நாள் விடியும் வேளையில் புறப்பட்டால் பத்தரை, பதினொன்றுக்குள் சீர்காழி, 65 கிலோமீட்டர். அங்கேயே தங்கிவிடலாம். மறுநாள் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக எஞ்சிய 75. எங்கும் மேடில்லை; ஆனால் காற்று உண்டு. ஆகஸ்டு மாதக் காலையில் மேல்காற்று வலப்புறம் வந்து தள்ளும். நண்பகல் திரும்பியதும் கடற்காற்று இடப்புறத்து முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும். தெற்கு நோக்கிச் செல்பவனுக்கு இரண்டாவதே பெரும்பாடு. முற்பகலிலேயே தூரத்தை முடிக்கச் சொல்வதற்கு வெயிலோடு இக்காற்றும் ஒரு காரணம். அன்றியும், சாலை அகலமான இடங்களில் நிழல் தரும் மரங்கள் குறைந்துவிட்டன. வண்டிகளின் வேகமோ கூடிவிட்டது.

தாகம் எடுத்தபின் குடிப்பதும் பசி வந்தபின் உண்பதும் காலங்கடந்த செயல்கள். அரை மணிக்கு ஒருமுறை சில மிடறு. வெறுந் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பிட்ட மோர், கஞ்சி, இளநீர் எல்லாம் நன்றே. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கலந்தால், வயிற்றுப்போக்குக்கு வீட்டில் தரும் அதே நீர் கிடைக்கும். இது வழிப்பயணத்துக்கும் உதவும். வாழைப்பழம், கடலை மிட்டாய் இரண்டும் பையில் இருக்கட்டும். விரதம் இருந்துகொண்டு இப்பயணம் செல்வதை நாம் ஒப்பவில்லை. வியர்வை நின்று, தலை சுற்றி, பேச்சுக் குழறினால் உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அது களைப்பன்று, உயிருக்கு ஆபத்து.

எல்லாவற்றிலும் நாம் மிகவும் அஞ்சுவது இரவை. வெயிலுக்குப் பயந்து இரவில் ஓட்டும் வழக்கம் பெருகியுள்ளது. ஆனால் அதே இரவில் அதே ஓரத்தில் நடைப்பயணிகள் விளக்கின்றி நடக்கின்றனர்; பின்னால் சரக்கு லாரிகள் வருகின்றன. இருட்டியபின் சக்கரம் உருளக் கூடாது. புறப்படும்போதுள்ள மங்கலான வெளிச்சத்திற்கே முன்விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும், ஒளி தெறிக்கும் பட்டையும், தலைக்கவசமும் கட்டாயம். இருவர் இணையாகப் பேசிக்கொண்டு ஓட்டுவதும், காதில் பாட்டு மாட்டிக்கொள்வதும் கூடவே கூடாது. தனியாகவும் போக வேண்டாம். மெதுவானவன் முன்னே செல்ல, வேகமானவன் பின்னே வரட்டும்.

திரும்பும் வழியைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. பயிற்சி பெற்றவனுக்கும் வேளாங்கண்ணியில் கால்கள் கெஞ்சும். அக்களைப்போடு மறுநாளே ஓட்டித் திரும்ப வேண்டாம். நால்வராகச் சேர்ந்து ஒரு சிறு வண்டி பேசிச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவதே நன்று. அதற்கான பணத்தைப் புறப்படும் முன்பே தாயிடமோ தந்தையிடமோ ஒப்படைத்துவிட்டுச் செல்லட்டும், வழியில் செலவழிந்துவிடும்.

நேர்ச்சை என்ன ஆகும் என்ற கவலை சிலருக்கு எழலாம். நடுவழியில் முடியாமற்போய்ப் பேருந்தில் ஏறினால் மாதா கோபிப்பாளோ என்ற அச்சத்தாலேயே வலியோடு ஓட்டி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இயலாமற்போன நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றித் தரும்படி பங்குத் தந்தையைக் கேட்கலாம். அதற்குத் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதைப் பிள்ளையிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது பெற்றோரின் கடமை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பையனே சைக்கிளோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதற்குள் ஆலப்பாக்கம் வரை இருமுறை போய்த் திரும்பியிருக்கிறான். "முட்டி லேசா வலிக்குதுங்க ஐயா" என்றான். ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தோம். சீட்டு மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. தூக்கி வைத்து முடுக்கிக் கொடுத்தோம். வருகிற சனிக்கிழமை புதுச்சத்திரம் போகிறானாம்.