மருந்தடிப்பு குறைய வழியுண்டு

சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பகுதி ஏலத் தோட்டங்களில் பாடுபடுவோரில் பெருந்தொகையினர் தமிழர். கம்பம், போடிப் பக்கமிருந்து விடியுமுன் ஜீப்பேறி வந்து பொழுது சாய இறங்குவோரும் உண்டு. லயங்களிலேயே குடியிருப்போரும் உண்டு. பூச்சி கண்டால் மருந்து. காணாவிட்டாலும் நாள் வந்தால் மருந்து என்பதே பல தோட்டங்களில் வழக்கம். மருந்தின் விலை முதலாளி கணக்கில். எரிச்சலும் தலைச்சுற்றலும் அடிப்பவன் கணக்கில்!

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் செய்த கொடுமையை நாடறியும். 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அது போய் வேறு மருந்துகள் வந்தன, பழக்கம் மாறவில்லை.

மருந்துக்கு எதிரி, நண்பன் என்ற பேதம் தெரியாது. ஏலத் தட்டையைக் குடையும் புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் தோட்டத்திலேயே உள்ளன. அவையும் சாகின்றன. தேனீ வந்து போனால்தான் ஏலப் பூ காய் பிடிக்கும். அதுவும் சாகிறது.

மாற்று வழி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களையும் பாழாக்கியது. மருந்து பலிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு வகைச் சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூர் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. மாவுப்பூச்சி அடங்கியது.

ஏலத்துக்கும் வழியுண்டு. வேரைத் தின்னும் புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை மண்ணில் இடும் முறையை மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. அப்புழுவின் தாய் வண்டுகளை வலைவீசிப் பிடிக்கலாம். பேன் விழுந்தால் காயில் சொறி தட்டி விலை இறங்கும் என்று முதலாளிகள் அஞ்சுவது நியாயமே. பேனை ஒட்டுண்ணியால் மட்டும் அடக்குவது கடினம். ஆனால் அது பதுங்கும் காய்ந்த இலையுறைகளை உரித்தெடுத்தால் மருந்தைப் பெரிதும் குறைக்கலாம்.

மருந்தடிப்பு குறைந்தால் கூலி நாள் குறையுமே என்ற கவலை தொழிலாளருக்கு இருக்கலாம். அது வேண்டியதில்லை. சருகு உரிக்கவும், வண்டு பிடிக்கவும், புழுத்துளை பார்க்கவும் ஆள் வேண்டும். நஞ்சில்லாத வேலைக்கு நஞ்சில்லாத கூலி கிடைக்கும்.

நறுமணப் பொருள் வாரியம் இம்முறைகளை முதலாளிகளுக்கு மட்டும் சொன்னால் போதாது. தோட்டத்தில் இறங்கி நிற்பவர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி தரவேண்டும். பழக்கம் மாறும்வரை மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் தருவது முதலாளியின் கடமை. அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. வெளிநாட்டார் காயில் மருந்து எச்சம் பார்க்கிறார்கள். உள்நாட்டார் அடிப்பவன் உடம்பையும் பார்க்கட்டும்!