மே 1 கிராம சபைக்கு வாருங்கள், தோழர்களே!



உண்ணிச்செடி காய்ந்து நிற்கிறது. ஒரு பீடித் துண்டு போதும். நம் சேலத்துச் சேர்வராயன் மலைச் சரிவில் தீப் பிடித்தால் வனத்துறை வண்டி மேலே ஏறி வருவதற்குள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம்தான். அடித்து அணைத்துவிட்டுத் திரும்பினால் கரடியூர்ப் பாறையோரம் பீர் பாட்டில் சில்லு காலில் ஏறுகிறது. காட்சி பார்க்க வந்த யாரோ உடைத்துப் போட்டது. அதே சில்லை இரவில் காட்டெருமை மிதிக்கும். அதற்கு யார் கட்டுப் போடுவது?

இதையெல்லாம் பேச, வருகிற மே 1 கிராம சபையைத் தவறவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

வெளியே இருந்து வந்தவர்களின் கண்ணுக்கு இந்த மலை என்னென்னவாகத் தெரிந்திருக்கிறது! 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்றைக்குக் காடு என்றால் வெட்டித் திருத்த வேண்டிய புதர். புலி, சிறுத்தை, கரடியைக் கொன்று வந்தால் வெள்ளைக்கார சர்க்கார் சன்மானம் கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதே கரடியைக் கொன்றால் ஜெயில். சர்க்காரின் புத்தியே இப்படித் தலைகீழாக மாறும் என்றால், வேறு யாருடைய புத்தி மாறாது?

ஆனால் எல்லாம் நல்லபடியாக மாறிவிடவில்லை. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக இந்த மலையின் உச்சித் தட்டுகளில் பாக்சைட் வெட்டினார்கள். 2008ஓடு அது நின்றது. மழை நீரைப் பிடித்து வைத்துச் சுனையாக விடுவது அந்தத் தட்டுதான். சுரங்கம் நின்றதும் ‘வியூ’ வந்துவிட்டது. எந்தச் சரிவிலிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறதோ அந்தச் சரிவுக்கு விலை. தோட்டங்களில் பலாவும் அத்தியும் போய் சில்வர் ஓக் வரிசை கட்டுகிறது. மிளகுக் கொடி நேராக ஏறும், வெட்டி விற்பதும் சுலபம். கணக்கு சரிதான், பழம் தின்று பிழைக்கிற பறவைகள் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

நம் பெரியவர்களுக்கு மலையே சாமி. மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் மலை மலையாக நடந்து வருகிறார்கள். கோயில் காட்டில் கோடரி வைக்க இன்றும் கை கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கிற நம் தோழர்களுக்கு ஒரு சேதி. ஒடிசாவில் நியம்கிரி மலையைச் சாமியாகக் கும்பிடுகிற டோங்ரியா கோந்த் மக்களிடம் இதே பாக்சைட்டைக் கேட்டு வேதாந்தா கம்பெனி வந்தது. முடிவைக் கிராம சபைகளிடம் விடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2013இல் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் முடியாது என்றன. சுரங்கம் வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசே ஏலத்தை ரத்து செய்தது.

2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் நீர்ப்பிடிப்பையும் காக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் தூங்குகிறது. தட்டி எழுப்ப ஆள் வேண்டும். காப்பித் தோட்டத் தொழிலாளிகள், ஜீப் ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிற அக்காமார்கள், கல்லூரி விட்டு வந்திருக்கிற தம்பி தங்கைகள் எல்லாரும் வாருங்கள். கேட்க வேண்டியதை வீட்டிலேயே எழுதி எடுத்து வாருங்கள்: காட்சி முனைகளில் கண்ணாடிப் பாட்டில் கூடாது, கோடைக்கு முன்பே ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும், உச்சித் தட்டில் இனி எந்தச் சுரங்கமும் வேண்டாம்.

இன்னொன்று. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் நாம் சொன்ன வாசகம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படித்து முடித்த பிறகுதான் கையெழுத்து. படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.