கதிரையிலே பருக்கும் உடல்

காலை ஆறு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனை வீதியிலும் நின்று பாருங்கள். கண்டி மாநகரின் கந்தோர்களுக்குச் செல்லும் நம்மவர் பஸ் வண்டிகளில் நெருக்குண்டு நிற்பர். பலர் காலை உணவு அருந்தியிரார். பகல் முழுவதும் கதிரையில் இருந்து, மாலையில் அதே நெருக்கடியில் வீடு திரும்புவர். இரவு ஒன்பது மணிக்குப் பெருஞ்சோறு, பின்னர் கைத்தொலைபேசி, நள்ளிரவில் உறக்கம். இவ்வாறு வாழ்வோரின் இடை பருத்தால், "சாப்பாட்டு ராமன்" என்று நகைப்பது நீதியாகுமா?

ஆகாது என்கிறது விஞ்ஞானம். பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தர் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து ஆராய்ந்தனர் அறிஞர். வயிற்றுப் பருமன், உயர் குருதியமுக்கம், குருதியில் மிகும் சீனி முதலியன ஒருங்கே சேரும் நிலை, நெடுங்காலம் வேலை நெருக்கடிக்கு ஆளானோரிடம் இருமடங்குக்கு மேல் காணப்பட்டதென 2006இல் வெளியிட்டனர். மனம் நெருக்குண்டால் கோட்டிசோல் என்னும் சுரப்பு மிகுகிறது. இனிப்பில் நாட்டம் பிறக்கிறது. கொழுப்பு வயிற்றிலே தங்குகிறது. உறக்கம் குறைந்தாலோ பசி கூடுகிறது.

நம் தேநீர்க் கோப்பையையும் பார்ப்போம். கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை. கரண்டிக்கு 4 கிராம் எனக் கொண்டாலும் 60 கிராமாகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் 50 கிராமுக்குக் குறைவாகவே சீனி கொள்ள வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்ட 2016இல் நம் நாட்டில் விதி வந்தது. வீட்டுக் கோப்பைக்கு நிறமிடுவார் யார்? நாமேதான்.

"இது உத்தியோகத்தர் நோய்" என்று விவசாயப் பெருமக்கள் ஒதுங்கிவிடலாகாது. மண்வெட்டி பிடித்த கை உழவு இயந்திரத்தைப் பிடிக்கிறது. சந்தைக்கு நடந்த கால் முச்சக்கர வண்டியில் ஏறுகிறது. உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை, கடன் கவலையோ கூடியிருக்கிறது. தெற்காசியருள் ஆணின் இடைச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்ணின் இடை 80ஐயும் எட்டினாலே எச்சரிக்கை என்கின்றனர் வைத்தியர்.

தனிமனிதனை மட்டும் பழித்துப் பயனில்லை. மதிய உணவுக்கு உரிய நேரம், வேலை முடிந்தபின் தொலைபேசியில் கட்டளை வராத ஓய்வு, அச்சமின்றி நடக்க நடைபாதை இவற்றை நாம் உரிமையாகக் கேட்டல் வேண்டும். கடைசி மன்னன் அமைத்த கண்டி வாவியைச் சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். முக்கால் மணி நேர நடை. அதற்கும் பொழுதில்லாத வாழ்வை வாழ்வென்பதெங்ஙனம்? உழைப்பவன் நாற்பதிலே நீரிழிவில் வீழ்ந்தால், வீழ்வது அவன் மட்டுமன்று, அவன் குடும்பமுமாகும்.