பழைய மோட்டாரும் சிறு விமானமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. திருவள்ளூர், பொன்னேரிப் பக்கத்தில் எடை போட்டு வாங்கப்படும் கம்ப்யூட்டர், பிரிண்டர், துளையிடும் கருவி முதலியவை பிரிக்கப்பட்டு, இரும்பு உலைக்கும் செம்பு வியாபாரிக்கும் போய்ச் சேருகின்றன. அவற்றினுள்ளே இருக்கும் சிறு மின்சார மோட்டாருக்கும் அதே கதிதான். மாதிரி விமானம் கட்டும் நம் பிள்ளைகளோ அயல்நாட்டு மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய மோட்டாரை அவர்கள் தொடாததற்குக் காரணம், அதன் குணம் அதன்மேல் எழுதியிராததே.

குணத்தை அறிவது கஷ்டமன்று. முதலில் கம்பிகளை எண்ணவேண்டும். இரண்டு கம்பியானால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த பழைய ஜாதி. பாட்டரியோடு நேரே இணைக்கலாம். மூன்றானால் பிரஷ் இல்லாதது. அதற்குத் தனி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். ஹார்ட் டிஸ்க் மோட்டாரில் சில சமயம் நான்காவது கம்பி ஒன்றிருக்கும். அது மூன்று சுருள்களும் கூடுமிடம். அதற்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள தடை, மற்ற இரண்டிற்கிடையே உள்ளதில் பாதியாக இருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். நான்கு கம்பிகள் இரண்டு தனிச் சுருள்களாகப் பிரிந்து, கையால் திருப்பும்போது படிப்படியாகத் தடுக்குமானால், அது பிரிண்டரில் காகிதம் தள்ளும் ஸ்டெப்பர் மோட்டார். விமானத்திற்கு உதவாது. புது மாதிரிக் கூரை மின்விசிறிக்குள் இருப்பதும் பிரஷ் இல்லாததே. ஆனால் கனம் அதிகம், வேகம் குறைவு. ஆசைப்படவேண்டாம்.

அடுத்து, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று அறியவேண்டும். மோட்டாரின் அச்சைத் துளையிடும் கருவியின் வாயில் பிடித்துச் சுழற்றினால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும். கருவியின் வேகம் அதன்மேலேயே பொறித்திருக்கும். நிமிஷத்திற்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று கம்பி மோட்டாரின் ஏதேனும் இரண்டு கம்பிகளில் மீட்டர் 2 வோல்ட் மாறு மின்சாரம் காட்டினால், அதை 1.41-ஆல் பெருக்கி, 2,800-ஐ வகுக்க, ஏறக்குறைய 1,000 வரும். 11.1 வோல்ட் லித்தியம் பாட்டரியில் அது வெறுமனே 11,000 சுற்றுச் சுற்றும். விசிறி மாட்டினால் கணிசமாகக் குறையும். அரைக் கிலோ எடையுள்ள விமானம் சாதாரணமாகப் பறக்கச் சுமார் 100 வாட் போதும். அதாவது அந்தப் பாட்டரியில் 9 ஆம்பியர்.

சி.டி. டிரைவ் மோட்டார் இவ்விஷயத்தில் பெயர் பெற்றது. அதன் வெளிக்கூடே சுழலுவது. உள்ளே பெரும்பாலும் ஒன்பது பல். இருக்கிறபடியே அதற்குப் பலம் போதாது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பல தேசத்துப் பொழுதுபோக்காளர்கள் அதன் காந்த வளையத்தை எடுத்துவிட்டு, 1980-களில் வந்த நியோடிமியம் காந்தத்தை ஒட்டி, சுருளையும் புதிதாகச் சுற்றிப் பறக்கவிட்டார்கள். சுற்றைப் பாதியாக்கினால் வோல்ட்டுக்குரிய வேகம் இரட்டிக்கும். மின்னோட்டமும் ஏறுமாகையால் கம்பி கனமாக இருக்கவேண்டும். இந்த வித்தைக்கு நாம் சீமைக்குப் போகவேண்டுமா? கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நம் ஊர்களில் எங்கும் உண்டு. இந்தியாவிலேயே முதலாவதென்று சொல்லப்படும் மின்சார மோட்டாரை ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் கோயம்புத்தூரில் செய்தார்கள். அந்தத் தொழிலின் கைப்பழக்கம் இன்னும் அப்பட்டறைகளில் இருக்கிறது. காயில் கட்டுபவரிடம் பிள்ளையை ஒரு வாரம் உட்காரவைத்தால், பள்ளிக்கூடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த மின்காந்த விதி விரல் நுனிக்கு வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஓட்டத்தில் விசிறியை மாட்டலாகாது. பிறகு சிறிய விசிறியாக மாட்டி, மோட்டாரைப் பலகையில் திருகி, விசிறியின் சுழல் வட்டத்துக்கு நேரே நில்லாமல் அரை நிமிஷம் ஓட்டி, அது முற்றும் நின்றபின் கூட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காத சூடானால் இன்னும் சிறிய விசிறிதான் மருந்து. லித்தியம் பாட்டரி உப்பியிருந்தால் பழையதென்று இரக்கப்படாமல் ஒதுக்கிவிடவேண்டும், அது தீப்பிடிக்கும். பறக்கவிடும் மைதானத்தையும் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் இருக்கிறபடியால், 2021-ம் வருஷத்து டிரோன் விதிகளின்படி சர்க்கார் வெளியிட்டுள்ள வான்வெளிப் படத்தில் அந்த இடம் சிவப்பு வட்டாரத்தில் அகப்படுகிறதா என்று பார்த்த பின்னரே விமானத்தை வெளியே எடுக்கவேண்டும்.