தொட்டியில் ஒரு துவாரம்

பக்கத்து வீட்டு மாமி அழகான பீங்கான் தொட்டி ஒன்று வாங்கித் துளசி நட்டார். தவறாமல் தண்ணீரும் விட்டார். இருபதே நாளில் செடி அழுகிப் போயிற்று! "ஒரு வேளைகூட மறக்கவில்லையே!" என்று மாமிக்கு ஒரே துக்கம். தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் துவாரமே இல்லை!

இதே தவற்றை அமெரிக்காவிலும் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

கலிபோர்னியாவில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்று ஒரு பிரதேசம். 1960-களின் இறுதியில் அதன் மேற்குப் பகுதிக்குப் பெரிய கால்வாய் வந்தது. வறண்ட பூமியில் பருத்தியும் தக்காளியும் பொலிந்தன. ஆனால் மண்ணுக்கு அடியில் களிமண் அடுக்கு. மிஞ்சிய நீர் இறங்க வழியின்றித் தேங்கிற்று. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும் அல்லவா? அந்த உப்பும் சேர்ந்து வேர்களை வாட்டியது.

இதில் ஒரு வேடிக்கை. தாராளமாகப் பாய்ச்சுகிறவர் மேட்டு நிலத்துக்காரர். அவதிப்படுகிறவரோ பள்ளத்து நிலத்துக்காரர். மாடியில் குழாயைத் திறந்து விட்டால் கீழ் வீட்டில் ஒழுகுகிற கதைதான்! வடிகாலுக்குப் பணம் கேட்டால், "என் வயலில் தண்ணீர் தேங்கவில்லையே?" என்றுதானே மேட்டுக்காரர் சொல்லுவார்?

கழிவு நீரைக் கடலை நோக்கிக் கொண்டுபோக வடிகால் வெட்டினார்கள். 85 மைல் முடிந்ததும், 1975-ல், பாதி வழியில் வேலை நின்றது. கெஸ்டர்சன் என்ற இடத்துக் குளங்களில் நீரை விட்டார்கள். அதுவோ பறவைகள் கூடு கட்டும் சரணாலயம். 1983-ல் அந்தக் கூடுகளைச் சோதித்த விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். கண்ணில்லாத குஞ்சுகள்! அலகு கோணிய குஞ்சுகள்! வயல் மண்ணிலிருந்து கரைந்து வந்த செலீனியம் செய்த கொடுமை அது. 1986-ல் வடிகாலை மூடினார்கள்.

பிறகு என்ன செய்வது? பிராட்வியூ என்ற பாசன வட்டாரத்தார் ஒரு யுக்தி செய்தார்கள். பயிருக்குப் பயிர் இவ்வளவு தண்ணீர் என்று அளவு வைத்து, அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் விலை என்றார்கள். யூனிட் ஏற ஏற நம் வீட்டு மின்சாரக் கட்டணமும் ஏறுகிறதே, அதே கணக்கு! பாய்ச்சலும் குறைந்தது, வடிகால் நீரும் குறைந்தது. ஆயினும் நோய் முழுதும் தீரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் உப்பேறிய நிலங்களில் ஒரு பகுதியைச் சாகுபடியிலிருந்தே நீக்க நேர்ந்தது.

அணை திறந்தால் மாலை மரியாதை உண்டு. வடிகாலுக்கு யார் மாலை போடுகிறார்கள்? தண்ணீரைக் கொண்டு வரும் செலவைக் கணக்கில் எழுதுகிற அன்றே, அதை வெளியேற்றும் செலவையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடனை மண்ணும் பட்சிகளும் அடைக்கும்படி ஆகிவிடும்.

மாமி புதுத் தொட்டி வாங்கப் போகிறார். இந்தத் தடவை கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விலையே கேட்பாராம்!