‘ஃபார் அவெய்ட்’: எல்லாத்தையும் ஒரே மூச்சில் எதுக்கு இழுக்கணும்?

வங்கி ஆப்பில் பழைய பரிவர்த்தனையைத் தேடியிருப்பீர்கள். விரலால் தள்ளத் தள்ள, அடுத்த 50 வரிகள் வரும். ஐந்து வருடக் கணக்கை ஒரே தடவையில் இறக்கினால் போன் திணறிவிடும் என்பது ஆப் எழுதியவருக்குத் தெரியும். ஆனால் அதே ஆள் சர்வர் பக்கம் கோடு எழுதும்போது, எல்லாப் பக்கங்களையும் ஒரே அர்ரேயில் கொட்டிவிட்டு, மெமரி நிரம்பிய பிறகு தலையில் கை வைக்கிறார்.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு 2018-லேயே வழி வந்தாச்சு: அசிங்க் இட்டரேட்டர். (தமிழில் எழுதினால் பெயர் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது!)

சாதாரண இட்டரேட்டரிடம் ‘நெக்ஸ்ட்’ என்று கேட்டால், மதிப்பையும் ‘முடிந்ததா, இல்லையா’ என்ற குறிப்பையும் உடனே கையில் கொடுக்கும். நெட்வொர்க்கிலிருந்து வரவேண்டிய சரக்குக்கு ‘உடனே’ என்பது நடக்காத காரியம். அதனால் அசிங்க் இட்டரேட்டர் அதே இரண்டையும் ஒரு ப்ராமிஸில் வைத்துத் தருகிறது. ஹோட்டலில் பார்சலுக்கு டோக்கன் தருகிற மாதிரி.

செய்யவேண்டியது அதிகமில்லை. நம் ஆப்ஜெக்டில் ‘சிம்பல்.அசிங்க்இட்டரேட்டர்’ என்ற பெயரில் ஒரு அசிங்க் ஜெனரேட்டர் எழுதி, ஒவ்வொரு பக்கமாக அவெய்ட் செய்து, வரிகளை யீல்ட் செய்தால் போதும். பயன்படுத்துகிறவர் ‘ஃபார் அவெய்ட்’ லூப் போட்டுக்கொள்வார். பக்க எண் எது, அடுத்த பக்கம் உண்டா என்ற தலைவலி அவருக்கு வேண்டாம். அந்தத் தலைவலியை அவர் மேல் தள்ளுவது, எழுதுகிறவரின் சோம்பல் என்றே சொல்வேன்.

‘ஃபார் அவெய்ட்’ போட்டால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 10 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்ப ‘ப்ராமிஸ்.ஆல்’தான் சரி.

இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். ஜெனரேட்டர் இல்லாமல், கையால் ‘நெக்ஸ்ட்’ மட்டும் எழுதிவிட்டு ‘ரிட்டர்ன்’ மெத்தடை மறந்துவிடுவது. லூப் நடுவில் ப்ரேக் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் தேடுவது அதைத்தான். அது இல்லையென்றால், திறந்த டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்தபடியே கிடக்கும். ஜெனரேட்டருக்குள் ‘ஃபைனலி’ இருந்தால் மூடும் வேலை தானாக நடக்கும்.

பைத்தான்காரர்கள் இதைப் படித்து நிம்மதியாகிவிட வேண்டாம். அங்கே ‘அசிங்க் ஃபார்’ நடுவே ப்ரேக் போட்டால், ஜெனரேட்டர் அப்போதே மூடும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதற்காகத்தான் 3.10 பதிப்பில் ‘ஏகுளோசிங்’ வந்தது.