பட்டத்துக்கு விலை இருக்கிறது, பணியிடம் எங்கே?

ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறது. அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், அன்னதானச் சோறு கெடாமல் இருக்க வேண்டும். திருவிழா முடிந்து பத்து நாள் ஆகியும் ஊரில் வாந்திபேதி தலைகாட்டவில்லை என்றால், யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள். வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை, காசும் கொடுப்பதில்லை. பொதுசுகாதாரம் என்ற தொழிலின் சிக்கல் இதில்தான் தொடங்குகிறது.

இந்தத் தொழிலைப் பட்டமாகக் கற்பிப்பதுதான் எம்.பி.எச். என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பு. திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இல் இதைத் தொடங்கியது. பின்னர் சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் வந்தது. இப்போது தனியார் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. விலங்கியல், நுண்ணுயிரியல், செவிலியம் படித்த பிள்ளைகளுக்கு நீட் இல்லாமல் நலவாழ்வுத் துறைக்குள் நுழையும் வழியாக இது தெரிகிறது.

நுழைந்தபின் என்ன? மாவட்ட சுகாதார அலுவலர், நகர்நல அலுவலர் பதவிகள் மருத்துவர்களுக்கு உரியவை. சுகாதார ஆய்வாளர் பணிக்குத் தனிப் பட்டயப் படிப்பு இருக்கிறது. மருத்துவர் அல்லாத எம்.பி.எச். பட்டதாரி இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். மேலே போகத் தகுதி இல்லை, கீழே அவர் படிப்புக்கு இடம் இல்லை. கிடைப்பவை பெரும்பாலும் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் ஒப்பந்தப் பணிகளும் தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணிகளும்தான். நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும். 2025இல் அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு அமைப்பு மூடப்பட்டபோது உலகெங்கும் அதை நம்பியிருந்த திட்டங்கள் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தோம்.

இந்தப் படிப்புக்கு வாங்கும் கடனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய் கல்விக்கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. தொடக்கச் சம்பளம் 25,000 என்று வைத்தாலும் கால் பங்குக்கு மேல் வங்கிக்கே போகிறது. வெளிநாட்டில் படிக்க 20 லட்சம் வாங்கினால் தவணை 26,400 ரூபாய். உள்ளூர்ச் சம்பளம் தவணைக்கே போதாது. ஆரணி வட்டாரத்தில் சேலையை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் எந்த நெசவாளியும் தறியில் பாவு ஏற்றுவதில்லை. அவர் பிள்ளையிடம் மட்டும் அப்படி ஏற்றச் சொல்கிறோம்.

'இது சேவைத் துறை, காசுக் கணக்குப் பார்க்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கத்தான் வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை சேவையைத் தேர்ந்தெடுக்கலாம். கூலிக்கு நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அது கடனாகத்தான் வந்து சேரும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இளநிலையோடு நின்றுவிடுகின்றன. குழித்தறியில் உட்கார்ந்து இடுப்பும் கண்ணும் போன குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தொழில்சார் நோயைப் பாடப்புத்தகம் கற்றுத்தர வேண்டியதில்லை. அவளை வெளியே நிறுத்தினால் நட்டம் துறைக்குத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதல்ல. 1939ஆம் ஆண்டின் சென்னை பொதுசுகாதாரச் சட்டம் சந்தை, திருவிழாக்களுக்கென்றே விதிகள் வகுத்தது. பொதுசுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் வைத்து நூறாண்டு கடந்த மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடுதேடிப் போய்ப் பார்க்கிறது. அந்தக் கணக்குகளைப் படித்து எந்த ஊரில் எது கூடுகிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா? 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை, எல்லா மாநிலங்களும் பொதுசுகாதார மேலாண்மைக்குத் தனிப் பணித்தொகுதி அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு தன் பழைய பெருமையோடு நின்றுவிடாமல், மருத்துவர் அல்லாதவர்களுக்கும் அதில் நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டும். நோய் வராததன் பலன் ஊருக்கு என்றால், அதற்கான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. வட்டாரத்துக்கு ஒரு பொதுசுகாதாரப் பகுப்பாய்வாளர் பணியிடம் உருவாக்கி, தேர்வு வாரியம் வழியாக நிரப்ப வேண்டும். அரசுக் கல்வி நிறுவனங்களில் இடங்களைக் கூட்டி, ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகையை முதுநிலைக்கும் நீட்டிக்க வேண்டும். இப்படிப்பை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் மொத்தக் கட்டணத்தையும், முந்தைய மூன்று ஆண்டு மாணவர்கள் பெற்ற வேலையையும் சம்பளத்தையும் சேர்க்கைக்கு முன்பே வெளியிடக் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். அங்கே படித்து முடித்த நாலு பேரைத் தேடிப்பிடித்துச் சம்பளம் கேளுங்கள். அவர்களின் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் கடன் வாங்க வேண்டியிருந்தால், சேராதீர்கள்.